கண்ணாடியை ஏத்தினா கேக்குது!

திருச்செங்கோட்டுக்காரங்களுக்கு சத்தம் ஒண்ணும் புதுசில்லை. ஊரைச் சுத்தி எந்த ரோட்டில் போனாலும் போர்வெல் ரிக் வண்டிகள் வரிசையா நிக்கும். இங்கிருந்து கிளம்பிப் போய் இந்தியா முழுக்கத் துளை போட்டுவிட்டு வருகிற வண்டிகள் அவை. அந்தப் பக்கம் நாமக்கல் போனால் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள். தகரத்தை அடிக்கிற சத்தம், வெல்டிங் சத்தம், கிரைண்டர் சத்தம். சங்ககிரி பக்கம் திரும்பினால் லாரி, லாரி, லாரி. இந்த மூணு ஊருக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவனுக்கு அமைதின்னா என்னன்னு தெரிய வாய்ப்பே குறைவு :)

அப்படிப்பட்ட ஊரில் ஒரு டிரைவர் பெரியவர். வயசு 58. முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர். பம்பாய், நாக்பூர், கல்கத்தா எல்லாம் அவருக்கு நம்ம ராசிபுரம் மாதிரி. முட்டி வலி வந்து, லாரியில் ஏறி இறங்க முடியாமல் போனதும், ஒரு ரிக் முதலாளியிடம் கார் டிரைவராகச் சேர்ந்தார். முதலாளிக்கு வயசு நாற்பத்தெட்டு. பெரியவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார். பெரியவர் அவரை "தம்பிங்க" என்பார். ரெண்டு பேருக்கும் ஆறு வருஷப் பழக்கம்.

2025-ல் முதலாளி பழைய டீசல் காரை விற்றுவிட்டு ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கினார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

சாவி கொடுத்த முதல் நாள் பெரியவருக்கு வண்டி ஆன் ஆயிருக்கா இல்லையான்னே தெரியவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான். ரெண்டாவது நாள் சேலம் போய் வந்தார். மூணாவது நாள் சர்வீஸ் சென்டருக்குப் போய் நின்றார்.

"தம்பி, வண்டிக்குள்ள ஒரு சத்தம் வருது. கீ...ன்னு. சின்னதா, விடாம வருது."

"எப்ப வருதுங்க ஐயா?"

"கண்ணாடிய ஏத்தினா வருது. இறக்கினா போயிருது."

கண்ணாடியை ஏத்தினா சத்தம் வருது, இறக்கினா இல்லை. உலகத்தில் எந்த மெக்கானிக்கிடம் இதைச் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: கதவு ரப்பர் சரியா உட்காரவில்லை, இடுக்கில் காத்து விசிலடிக்குது. அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ரப்பர் பீடிங்கைக் கழற்றி மாட்டினார்கள். கண்ணாடியின் மட்டத்தைச் சரி பார்த்தார்கள். பெரியவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். கீ...

அடுத்த வாரம் மறுபடி போனார். மறுபடி பார்த்தார்கள். மறுபடி கீ...

இந்த இடத்தில் கதையை நிறுத்தி வைத்துவிட்டுக் கொஞ்சம் கண்ணாடியைப் பற்றிப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

டீசல் வண்டியில் என்ஜின் சத்தம் ஒரு போர்வை மாதிரி. மற்ற சத்தங்களையெல்லாம் மூடிவிடும். டயர் உருளும் சத்தம், காத்து கிழிபடும் சத்தம், டேஷ்போர்டில் ஒரு ஸ்க்ரூ ஆடும் சத்தம், எல்லாம் அதற்குக் கீழே ஒளிந்திருக்கும். எலக்ட்ரிக் காரில் போர்வையை உருவிவிடுகிறார்கள். அதனால், முன்னாடி காதில் விழாததெல்லாம் இப்போது கேட்கும். வண்டி அமைதியானதும் குறை சொல்வது அதிகமாகிறது. வேடிக்கைதான், ஆனால் கார் கம்பெனிகளுக்கு இது நிஜமான தலைவலி.

நகருக்குள் மெதுவாகப் போகும்போது டயர் சத்தம்தான் முக்கியம். ஹைவேயில் 100-ஐ நெருங்கும்போது காத்து முந்திக்கொள்ளும். காத்து கிளப்பும் சத்தம் வேகத்தோடு சேர்ந்து நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. தோராயமாக வேகத்தின் ஆறாவது அடுக்கில் ஏறும். அதாவது 60-ல் போன வண்டி 120-ல் போனால், சத்தத்தின் சக்தி ரெண்டு மடங்கு இல்லை, கிட்டத்தட்ட 64 மடங்கு. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் என்.எச். 44-ல் ரோடு காலியாக இருந்தால் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். (ஸ்பீடு லிமிட்டுக்குள்ளே!)

இந்தக் காத்துச் சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது? கதவுத் தகரத்துக்குள் பஞ்சு, பிளாஸ்டிக், காத்து இடைவெளி என்று பல அடுக்கு இருக்கிறது. கண்ணாடிக்கு அப்படி எதுவும் கிடையாது. அது வெறும் ஒற்றைச் சுவர். அதிலும் பக்கத்துக் கண்ணாடி டிரைவரின் காதுக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. சைடு மிரரில் மோதிச் சுழலும் காத்து நேராக அதன் மேல்தான் அடிக்கிறது.

சாதாரணமாக பக்கத்துக் கண்ணாடி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள டஃபன்டு கண்ணாடி. இதற்கு ஒரு பலவீனம் இருக்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தை கூட ஆட்டிவிடும் இல்லையா, அதே மாதிரி ஒரு குறிப்பிட்ட சுருதியில் வரும் சத்தம் கண்ணாடி வளையும் தாளத்தோடு ஒத்துப்போய்விடும். அந்தச் சுருதிக்கு மட்டும் கண்ணாடி சுவராக இருப்பதை மறந்துவிட்டுக் கதவாக மாறிவிடும். எந்தச் சுருதி என்று கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு உண்டு: 12,000-ஐ கண்ணாடியின் தடிமனால் (மில்லிமீட்டரில்) வகுத்தால் ஹெர்ட்ஸில் விடை வரும். 4 மி.மீ. என்றால் சுமார் 3000 ஹெர்ட்ஸ். மனுஷக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை. கண்ணாடி ஓட்டை விடும் இடமும் காது கூர்மையாக இருக்கும் இடமும் ஒரே இடம்! மாட்டிக்கொண்டான் மனுஷன்.

கண்ணாடியைத் தடிமனாக்கினால்? எடை ரெண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் எலக்ட்ரிக் காரில் ஒவ்வொரு கிலோவும் பேட்டரியைத் தின்னும். அதனால்தான் லேமினேட்டட் கண்ணாடிக்கு வந்தார்கள். ரெண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவில் பி.வி.பி. என்கிற பிளாஸ்டிக் படலம். சாதாரணப் படலத்தின் தடிமன் 0.76 மி.மீ. சத்தத்தைக் குறைப்பதற்கென்றே செய்யும் படலத்தில் நடு அடுக்கு இன்னும் மெத்தென்று இருக்கும். கண்ணாடி வளைய முயன்றால் அந்த மெத்தை அடுக்கு இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றித் தின்றுவிடும். கோயில் மணியை அடித்துவிட்டுக் கையால் பிடித்தால் டப்பென்று அடங்குமே, அதே வேலை. கையை மணிக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்ட மாதிரி.

யோசனை பழசுதான். 1903-ல் பிரான்சில் எதுவார் பெனடிக்டஸ் என்பவரின் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை விழுந்தது. உடைந்தது, ஆனால் சிதறவில்லை. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலாய்டு படலம் சில்லுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909-ல் காப்புரிமை வாங்கினார். அது பாதுகாப்புக்காக வந்தது. இன்றைக்கும் நம் நாட்டில் காரின் முன் கண்ணாடி லேமினேட்டட்தான். பக்கத்துக் கண்ணாடிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, டஃபன்டு போதும். அமைதிக்காகப் பக்கத்திலும் அதைப் போடுவது முதலில் விலை கூடின கார்களில்தான் வந்தது. பிறகு மெல்ல இறங்கியது. டெஸ்லா மாடல் 3-ஐ எடுத்துக்கொண்டால், 2021 மாடலில் முன் கதவுகளுக்கு ரெட்டைக் கண்ணாடி வந்தது. 2023-ல் புதுப்பித்தபோது சுற்றிலும் போட்டார்கள்.

நாலு கதவுக்கும் போட்டால் என்ன? காமர்ஸ் பாஷையில் சொன்னால் காஸ்ட்-பெனிஃபிட் கணக்கு. சைடு மிரர் காத்து அடிப்பது முன் கதவில். பணம் கொடுத்து வாங்குகிறவர் வெளிநாட்டில் பெரும்பாலும் முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுபவர். அதனால் முன்னாடி மட்டும் போட்டுப் பின்னாடி மிச்சம் பிடிக்கிறார்கள். நம்ம ஊரில் முதலாளி பின் சீட்டில் உட்கார்ந்திருப்பார் என்பது அந்தக் கணக்கில் வராது போல :)

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கண்ணாடி மந்திரமெல்லாம் இல்லை. 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நல்ல பலன் தெரியும். மொத்தச் சத்தத்தில் சில டெசிபல்தான் குறையும். டயரிலிருந்து வரும் தாழ்ந்த உறுமல் சஸ்பென்ஷன் வழியாக, தரை வழியாக வருகிறது. அதைக் கண்ணாடி ஒன்றும் செய்ய முடியாது.

சரி, பெரியவரிடம் வருவோம்.

மூணாவது தடவை அவர் போனபோது சர்வீஸ் சென்டரில் ஒரு சின்னப் பையன் இருந்தான். டிப்ளமோ முடித்து வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். அவன் ரப்பரைத் தொடவில்லை. முன் கண்ணாடியைப் பாதி இறக்கி, மேல் விளிம்பைக் காட்டினான்.

"பாருங்கய்யா, நடுவுல ஒரு கோடு தெரியுதுங்களா? ரெண்டு கண்ணாடி. பின் கதவுல பாருங்க, ஒண்ணுதான். இந்த வண்டியிலயே சத்தம் கம்மியா வர்ற சீட்டு உங்களுதுதானுங்க."

பிறகு வண்டியை ஷெட்டுக்குப் பின்னால் ஒரு வேப்ப மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். ஏசியை அணைத்தான். வண்டியையே அணைத்தான். நாலு கண்ணாடியையும் ஏற்றியிருந்தான். ரெண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்ப கேக்குதுங்களா?"

"கேக்குது."

"எனக்குக் கேக்கலைங்கய்யா."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை. காத்து இல்லை, டயர் இல்லை, மோட்டார் இல்லை. சத்தம் போட வண்டியில் ஒன்றுமே இல்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இது வண்டியில வர்ற சத்தம் இல்லீங்க."

பெரியவர் தலையை ஆட்டினார். அந்தப் பையனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தம்பிகிட்ட சொல்லிராத கண்ணு." தம்பி என்றால் முதலாளி.

காது போன டிரைவர் என்று பேர் வந்துவிட்டால் இந்தப் பக்கம் யார் வண்டி கொடுப்பார்கள்? அதுதான் பயம். வீட்டிலும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் அம்மாவுக்குப் பத்து வருஷமாகத் தெரியும். டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கேட்டிருக்கிறார்கள். போனை எப்போதும் இடது காதில்தான் வைப்பார். ஏன் என்று அவரே யோசித்ததில்லை.

ஏன் என்று யோசித்துப் பார்த்தால் பதில் சுலபம். நம் நாட்டில் டிரைவர் சீட் வலது பக்கம். பழைய லாரியில் இடது கைப்பக்கம் என்ஜின் மூடி கொதிக்கும். ஏசி கிடையாது. கண்ணாடியை இறக்கி, வலது முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு ஓட்டினால்தான் உயிர் தங்கும். முப்பத்தொரு வருஷம் வலது காது நேராக ரோட்டுக்கு. எதிரே வரும் லாரி, ஓவர்டேக் எடுக்கும் பஸ், காதைக் கிழிக்கும் ஏர் ஹாரன், எல்லாமே அந்தக் காதுக்குத்தான்.

அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் வரம்பு, 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம். டெசிபல் கணக்கு கந்து வட்டியை விட மோசம். வெறும் 3 கூடினாலே சக்தி ரெண்டு மடங்கு. ஆகவே 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் ஒரே மணி நேரம். லாரி டிரைவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார் என்று நாமக்கல் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூணு வாரம் கழித்து ஒரு லீவு நாளில், யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறி சேலம் போனார். காது டாக்டர் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார். கடைசியில் ஒரு கிராஃப் வந்தது. கோடு நேராகப் போய் 4000 ஹெர்ட்ஸ் கிட்டே குழியில் விழுந்து மறுபடி கொஞ்சம் ஏறியது. வலது காதில் குழி ஆழம். சத்தத்தால் கெட்ட காதின் கையெழுத்து அது. பட்டறைக்காரர், தறிக்காரர், டிரைவர் எல்லோருக்கும் குழி ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழும். உள்காதில் சத்தத்தைப் பிடிக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்துப்போனால் மறுபடி முளைக்காது. சத்தம் வருவது நின்றுபோன இடத்தில் மூளை தானாக ஒரு சத்தத்தைப் போட்டுக்கொள்வதுதான் அந்தக் கீ... என்று டாக்டர் புரியும்படி சொன்னார்.

அது எத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருந்ததோ, யாருக்குத் தெரியும். லாரியில் கேட்க வழியில்லை. டீசல் காரில் கேட்க வழியில்லை. வீட்டில் ராத்திரி ஃபேன் ஓடும். அவருடைய வாழ்க்கையில் முதல்முதலாக ஒரு உண்மையான அமைதிக்குள் உட்கார்ந்தது அந்த ரெட்டைக் கண்ணாடிக்குள்தான். உட்கார்ந்ததும் அது கேட்டுவிட்டது.

மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை. காது மெஷின் போட்டால் கேட்பதும் தெளிவாகும், கீ சத்தமும் அமுங்கும் என்றார் டாக்டர். அதுவரை முழு அமைதியில் இருக்க வேண்டாம், பக்கத்தில் சின்னதாக ஏதாவது சத்தம் ஓடட்டும் என்றார்.

அதனால் பெரியவர் காரில் எஃப்.எம். போட ஆரம்பித்தார். மெதுவாக, ரெண்டு புள்ளி மட்டும்.

முதலாளி பின் சீட்டில் எப்போதும் போனிலேயே இருப்பார். ஒரு நாள் சங்ககிரி தாண்டும்போது போனை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்ணா, இத்தன வருசமா வண்டியில பாட்டே போட மாட்டீங்க. இப்ப என்ன திடீர்னு?"

பெரியவர் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு வண்டியை ஓரம் கட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். கிராஃப், குழி, மூணு தடவை சர்வீஸ் சென்டர், எல்லாம். "வேற ஆள் பாத்துக்கோங்க தம்பிங்க. நானே சொல்லோணும்னுதான் இருந்தேன்."

முதலாளி உடனே பதில் சொல்லவில்லை. கை நீட்டி எஃப்.எம்.-ஐ அணைத்தார்.

"கீ...ன்னு, கொசு மாதிரியா?"

"ஆமாங்க."

"எனக்கு ரெண்டு காதுலயும் இருக்குதுங்ணா. எல்லாத்துக்கும் இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன்."

முதலாளி முதலாளியாகவே பிறந்தவர் இல்லை. பதினெட்டு வயசில் ரிக்கில் வேலைக்குச் சேர்ந்தவர். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் நின்று, ராத்திரி பகலாக ராஜஸ்தானிலும் ஒரிசாவிலும் பைப் மாட்டியவர். காதில் துண்டைக் கட்டிக்கொள்வதுதான் அப்போதைய பாதுகாப்பு. அதையும் கிண்டல் பண்ணுவார்களாம்.

அடுத்த வாரம் ரெண்டு பேரும் சேர்ந்து சேலம் போனார்கள். முதலாளியின் கிராஃப் பெரியவருடையதை விட மோசம்!

வேலை போகவில்லை. பெரியவருக்கு வலது காதில் மெஷின் வந்தது. பாதிக் காசு முதலாளி. மீதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பெரியவர்தான் பிடிவாதம் பிடித்தார். மெஷின் போட்ட அன்றைக்கு வீட்டில் மிக்ஸி சத்தம் தாங்காமல் வெளியே போய் உட்கார்ந்தாராம்.

முதலாளியின் ரிக்குகளில் இப்போது ஆளுக்கொரு காது மூடி இருக்கிறது. பையன்கள் பாதி நேரம் கழுத்தில்தான் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்பது வேறு விஷயம்.

கணக்கு படிக்கிறவர்கள் யோசிக்க இதில் ஒன்று இருக்கிறது. வாடகைக்கு ஓடும் லாரிக்கு 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் விதிகளில் வருஷத்துக்கு 30% தேய்மானம் போட இடம் கொடுத்தார்கள். டயர் தேய்ந்தால் செலவு. என்ஜின் தேய்ந்தால் செலவு. டிரைவரின் வலது காது தேய்ந்ததை எந்த லெட்ஜரிலும் யாரும் எழுதவில்லை. எழுதாததால் அது செலவே இல்லை என்று ஆகிவிட்டது. செலவே இல்லாத ஒன்றைக் குறைக்க யார் காசு போடுவார்கள்?

கொஞ்சம் மாறுகிறது. 3.5 டன்னுக்கு மேல் மொத்த எடை உள்ள லாரிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு டிரைவர் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. வெயிலுக்காகக் கொண்டுவந்த விதி. ஆனால் ஏசி போட்டால் கண்ணாடியை ஏற்றித்தான் ஆக வேண்டும். ஒற்றைக் கண்ணாடியே ஆனாலும் ஏற்றிவிட்டால் காதுக்கு அது பெரிய புண்ணியம். விதி எழுதியவர்கள் நினைத்தார்களோ இல்லையோ, அது ஒரு காது விதியும்கூட.

பெரியவரின் அக்கா மகன் லாரி ஓட்டுகிறான். ஏசி கேபின் வண்டி. ஆனாலும் பழக்க தோஷம், கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவான். ஏசி போட்டால் டீசல் அதிகம் குடிக்கும் என்று ஓனர் முணுமுணுப்பாராம். போன மாசம் கோயில் விசேஷத்துக்கு வந்தவனைப் பெரியவர் தன் காரில் உட்கார வைத்தார். நாலு கண்ணாடியையும் ஏற்றினார். எஃப்.எம்.-ஐ அணைத்தார்.

"என்ன மாமா?"

"சும்மா உக்காரு மாப்ள. ஒரு நிமிசம். ஏதாச்சும் கேக்குதான்னு சொல்லு."

அவன் உட்கார்ந்தான். ஒரு நிமிஷம் கழித்துச் சொன்னான்.

"ஒண்ணும் கேக்கல மாமா."

பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப இன்னும் நேரம் இருக்குது. கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டு. டீசல் காசு நான் தர்றேன்."